உங்கள் வீட்டு டம்ளர் எத்தனை மில்லி?

புதிதாகக் கம்ப்யூட்டரோ ஸ்மார்ட் போனோ வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே செய்யும் காரியங்களில் ஒன்று, உடல் நலம் சார்ந்த ஏதாவது ஒரு ஆப்பை இறக்கிப் பதிந்து கொள்வது. அது நாம் நடக்கும் அடிகளை எண்ணும், தூங்கும் நேரத்தைக் குறிக்கும். ஒரு மூலையில் நீல நிற டம்ளர் படம் ஒன்றும் இருக்கும். அதை ஒரு முறை தட்டினால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததாகக் கணக்கு. எட்டு முறை தட்டிவிட்டால் திரையில் பட்டாசு வெடிக்கும், இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள் என்று பாராட்டும். நமக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

இந்த மாதம் உங்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். அந்த நீல டம்ளர் யார் வீட்டு டம்ளர்?

இது விளையாட்டுக் கேள்வி அல்ல. என் தாய்மாமாவுக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. எல்லாரிடமும் "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லும் டாக்டர், அவரிடம் மட்டும் நேர்மாறாகச் சொன்னார். தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான், அதற்கு மேல் கூடாது என்றார். வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவன் நான்தானே? அத்தையின் போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு கிளாஸ் 250 மில்லி. 1,500 மில்லிக்கு ஆறு கிளாஸ். "அத்தை, ஆறு தடவை தட்டினதும் நிறுத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் பெருமையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வாரத்தில் மாமாவின் கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. மறுபடி ஆஸ்பத்திரி. "ஆறு டம்ளருக்கு மேல குடுக்கறதே இல்ல கண்ணு, போன்ல பாரு" என்றார் அத்தை. போனில் பார்த்தேன். தினமும் சரியாக ஆறு. அத்தை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பிறகு சமையலறைக்குப் போய் மாமாவின் எவர்சில்வர் டம்ளரை எடுத்து அளந்தேன். அத்தை வழக்கமாக ஊற்றும் அளவுக்கு அது 310 மில்லி பிடித்தது. ஆறு டம்ளர் என்றால் 1,860. காலையும் மாலையும் காபி, தலா 120. மதியச் சாப்பாட்டில் ரசமும் மோரும் ஏறக்குறைய 200. மொத்தம் 2,300 மில்லி. டாக்டர் சொன்னதைவிட 800 மில்லி அதிகம். காபியையும் ரசத்தையும் எண்ணச் சொல்ல மறந்ததும் நான்தான், டம்ளரை அளக்காமல் விட்டதும் நான்தான். ஆப் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. யாரோ ஒருவர் வீட்டு டம்ளரை வைத்துச் செய்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. தண்ணீர்க் கணக்கு வைப்பதற்கு முன் பாத்திரத்தை அளக்க வேண்டும். பாத்திரத்தின் அளவை நாமே மாற்றிக்கொள்ள இடம் தராத ஆப் எதுவானாலும், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், அன்இன்ஸ்டால் செய்துவிடுவது நல்லது.

அவுன்ஸ் எங்கிருந்து வருகிறது?

சிலர் போனில் இந்த ஆப்கள் மில்லிலிட்டரே காட்டாது, அவுன்ஸ் காட்டும். நாம் மருந்துக் கடையில் மட்டும் எப்போதோ கேள்விப்பட்ட சொல் அது. ஏன் இப்படி? கடையில் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து தரும்போதும், போனை முதன்முதலில் திறக்கும்போதும், மொழி கேட்கும் இடத்தில் பட்டியலில் முதலாவதாக இருக்கும் "இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)" என்பதையே பலரும் தேர்வு செய்து விடுகிறார்கள். அதோடு அமெரிக்க அளவுகளும் உள்ளே வந்து உட்கார்ந்து கொள்கின்றன. தேதியில் மாதம் முன்னால் வருவது, வேர்டில் ரூலர் அங்குலத்தில் தெரிவது எல்லாம் இதனால்தான்.

விண்டோஸில் இதைச் சரி செய்வது எளிது. கண்ட்ரோல் பேனலில் ரீஜியன் என்பதைத் திறக்கவும். கிடைக்கும் விண்டோவில் அடிஷனல் செட்டிங்ஸ் பட்டனைக் கிளிக் செய்திடவும். மெஷர்மெண்ட் சிஸ்டம் என்ற இடத்தில் யு.எஸ். என்று இருந்தால் மெட்ரிக் என மாற்றி ஓகே தரவும். போனில் மொழியை "இங்கிலீஷ் (இந்தியா)" அல்லது தமிழ் என்று மாற்றினாலே பல ஆப்கள் தாமாக மில்லிக்கு வந்துவிடும். வராவிட்டால் அந்த ஆப்பின் செட்டிங்ஸில் யூனிட் என்ற பகுதியைத் தேடிப் பார்க்கவும்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. அவுன்ஸ் என்பது ஒன்றல்ல. அமெரிக்காவின் திரவ அவுன்ஸ் 29.57 மில்லி, பிரிட்டனின் திரவ அவுன்ஸ் 28.41 மில்லி. கேலனில் வித்தியாசம் இன்னும் பெரிது. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். "கப்" என்பதைக் கேட்கவே வேண்டாம். அமெரிக்கக் கப் 236.6 மில்லி, அந்நாட்டு உணவுப் பாக்கெட் லேபிள்களில் அது 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250 மில்லி. இவை தவிர எடைக்கான அவுன்ஸ் தனியாக ஒன்று உண்டு, அது 28.35 கிராம். நம் பாட்டிமார் காலத்துப் படியும் இப்படித்தான் ஊருக்கு ஊர் அளவு மாறியது. 1956-இல் இந்தியாவில் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தகராறு மெல்ல ஓய்ந்தது. ஓய்ந்த தகராறை ஆப் வழியாகத் திரும்ப வீட்டுக்குள் கொண்டு வருவானேன்?

எக்ஸெல் தெரிந்தவர்கள் கன்வர்ட் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தலாம். ஒரு எண்ணைக் கொடுத்து, எந்த அலகிலிருந்து எந்த அலகுக்கு என்று சொன்னால் மாற்றித் தரும். ஒரு எச்சரிக்கை. அதில் அவுன்ஸுக்கு ஓ, இசட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை மட்டும் கொடுத்தால் அது திரவ அவுன்ஸ். பின்னால் எம் என்ற எழுத்தையும் சேர்த்தால் எடை அவுன்ஸ். கேலன், கப் என்றால் எக்ஸெல் அமெரிக்க அளவையே எடுத்துக்கொள்ளும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு விண்டோஸ் 10, 11 ஆகியவற்றோடு வரும் கால்குலேட்டர் போதும். அதன் மெனுவில் வால்யூம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அமெரிக்க அவுன்ஸ், பிரிட்டிஷ் அவுன்ஸ் என்று தனித்தனியாகப் பெயர் போட்டே காட்டும். கீழே ஒரு வரியில் நீங்கள் கொடுத்த அளவு எத்தனை காபி கப், எத்தனை குளியல் தொட்டி என்றுகூடச் சொல்லும். அந்தக் காபி கப்பை நம் ஊர் காபி டம்ளர் என்று மட்டும் நினைத்து விடாதீர்கள்!

அலகு மாறினால் என்ன ஆகும் என்பதற்கு சாஃப்ட்வேர் துறையில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767 விமானம் ஒன்று நடு வானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. அந்த விமானம் கிலோகிராமில் கணக்குப் பார்ப்பது. எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யாததால் லிட்டரில் அளந்து எடைக்கு மாற்றினார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 0.8 கிலோ என்று பெருக்க வேண்டிய இடத்தில் 1.77 என்று பெருக்கினார்கள். 1.77 என்பது பவுண்டுக்கான எண். விளைவு, தேவையில் பாதிகூட இல்லாமல் விமானம் கிளம்பியது. விமானி அதைக் கிளைடர் போல இறக்கி கிம்லி என்ற ஊரின் பழைய விமான தளத்தில் நிறுத்தினார். உயிர்ச் சேதம் இல்லை. நான் ஆறு கிளாஸ் என்று சொன்னதும் இதே வகைத் தவறுதான், அளவில் சிறியது, அவ்வளவே.

துணிக்கு அளக்கும் ஊர்

திருப்பூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதே இல்லை. அமெரிக்க பையருக்கு அங்குலத்தில் ஸ்பெக் ஷீட், ஐரோப்பிய பையருக்கு சென்டிமீட்டரில் ஸ்பெக் ஷீட். மார்பு அளவு 20 என்று மட்டும் எழுதி அலகு போடாமல் ஒரு மெர்ச்சண்டைசர் ஷீட் அனுப்பினால் கட்டிங் மாஸ்டர் சும்மா விடுவாரா?

தண்ணீர் விஷயத்தில் இந்த ஊர் இன்னும் கறாரானது. சாயப்பட்டறையில் கேட்டுப் பாருங்கள். எம்.எல்.ஆர். என்பார்கள். ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் என்ற விகிதம் அது. 1:6 என்றால் 100 கிலோ துணிக்கு ஒரு பாத்துக்கு 600 லிட்டர். பிளீச்சிங், சாயம், சோப்பிங், அலசல் என்று எத்தனை பாத்தோ அத்தனை 600. லிட்டர் கூடினால் உப்பு கூடும், நீராவி கூடும், கழிவு கூடும், ஷேடும் மாறிவிடும். ஆகவே சாய மாஸ்டர் தண்ணீரைக் கண்ணால் பார்த்து ஊற்றுவதில்லை.

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இங்குள்ள சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. நொய்யலில் விடப்பட்ட சாயக் கழிவு, 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே பயிருக்கு ஆகாமல் போனது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் பட்டறையை நடத்தலாம் என்ற நிலை வந்த பின், உள்ளே வரும் தண்ணீருக்கு ஒரு மீட்டர், சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் தண்ணீருக்கு ஒரு மீட்டர் என்று எல்லாவற்றுக்கும் மீட்டர் வந்துவிட்டது. பவானி ஆற்றிலிருந்து திருப்பூருக்குத் தண்ணீர் கொண்டு வர 2000-களின் நடுவில் செயல்பாட்டுக்கு வந்த திட்டத்தின் திறன் நாளொன்றுக்கு 185 எம்.எல்.டி., அதாவது 18 கோடியே 50 லட்சம் லிட்டர். பேப்பரில் அணையைப் பற்றி எழுதும்போது கன அடி என்பார்கள். ஒரு கன அடி 28.3 லிட்டர், நம் வீட்டு 20 லிட்டர் கேன் ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. ஆற்றிலிருந்து சாயத் தொட்டி வரைக்கும் இந்த ஊரில் தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. அந்தத் துணியைத் தைக்கிறவர் வாய்க்குள் போகிற தண்ணீருக்குத்தான் கணக்கே இல்லை.

இதை நான் என் அம்மாவை வைத்துச் சொல்கிறேன். அம்மா இருபது வருடமாக ஓவர்லாக் டெய்லர். சிறுநீரகக் கல் வந்து ஒரு இரவு முழுக்கத் துடித்துப் போனார். கல் உள்ளவர்கள் நாளுக்குக் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் திரவம் குடிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டி. கவனியுங்கள், குடிப்பது 2.5 அல்ல, வெளியே போவது 2.5. டாக்டர் அம்மாவிடம் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். "ரெண்டு பாட்டில் குடிக்கிறனுங்க" என்றார் அம்மா. டாக்டர் தலையாட்டி இரண்டு லிட்டர் என்று எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அந்தப் பாட்டிலைப் பார்த்தேன். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டில், 600 மில்லி. இரண்டு பாட்டில் 1,200 மில்லிதான். அதுவும் இரண்டாவது பாட்டில் பாதியோடு திரும்பி வருவதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மாமா கூடாது, அம்மா குறையக் கூடாது. இருவருக்கும் ஒரே ஆப் "இன்னும் மூன்று கிளாஸ் குடியுங்கள்" என்று மணியடிக்கிறது.

எப்படி அளப்பது?

அளவு குவளை வாங்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். தேவையில்லை. சமையலறை டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். ஒரு மில்லி தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம். நம் ஊர் வெயிலில் 30 டிகிரியில்கூட அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்தான் வரும், அதை விட்டுவிடலாம். காலி டம்ளரைத் தராசில் வைத்து டேர் பட்டனை அழுத்தவும். எண் சைபர் ஆகும். வழக்கமாக எவ்வளவு ஊற்றுவீர்களோ அவ்வளவு தண்ணீர் ஊற்றவும். தளும்பத் தளும்ப அல்ல, வழக்கமாக. காட்டும் கிராம்தான் உங்கள் டம்ளரின் மில்லி. கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஜி.எஸ்.எம். பார்க்கும் தராசு நினைவுக்கு வரும். அது மிக நுட்பமானதுதான், ஆனால் பலவற்றின் உச்ச எடை சில நூறு கிராம். அதில் சொம்பை வைத்து வீணாக்கித் திட்டு வாங்க வேண்டாம்.

தராசு இல்லையா? கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருக்கும். பாட்டிலின் மேல் அளவு அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். அதிலிருந்து உங்கள் டம்ளரில் ஊற்றி ஊற்றி எத்தனை டம்ளர் வருகிறது என்று பார்த்து வகுத்துக் கொள்ளவும். மூன்றேகால் டம்ளர் வந்தால் ஒரு டம்ளர் ஏறக்குறைய 308 மில்லி. இந்தக் கணக்குக்கு இது தாராளமாகப் போதும்.

டம்ளர், சொம்பு, ஆபீஸ் பாட்டில், காபி டம்ளர், ரசக் கிண்ணம் என்று ஒரு வீட்டில் ஐந்தாறுக்கு மேல் இருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணி நேர வேலை.

இப்போது எக்ஸெலைத் திறக்கவும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம், இதற்கு அது நன்றாகவே போதும். முதல் ஷீட்டுக்குப் பாத்திரம் என்று பெயரிடவும். ஒரு நெடுவரிசையில் பாத்திரத்தின் பெயர், அடுத்ததில் மில்லி. இரண்டாவது ஷீட்டுக்குத் தினசரி என்று பெயரிடவும். அதில் தேதி, நேரம், பாத்திரம், எத்தனை, மில்லி என்று ஐந்து நெடுவரிசைகள். தேதி டைப் செய்ய வேண்டாம், கண்ட்ரோல் விசையுடன் செமிகோலனை அழுத்தினால் இன்றைய தேதி வந்து அமரும். கண்ட்ரோல், ஷிப்ட் இரண்டுடனும் அழுத்தினால் அந்த நேரம் வரும். ஐந்தாவது நெடுவரிசையில் விலுக்கப் ஃபார்முலாவைப் போட்டு, முதல் ஷீட்டிலிருந்து அந்தப் பாத்திரத்தின் மில்லியை எடுத்து எண்ணிக்கையால் பெருக்கச் சொல்லவும். விலுக்கப்பின் கடைசிப் பகுதியில் ஃபால்ஸ் என்று கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் அது கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளும், சொம்பு கேட்டால் டம்ளரின் அளவைக் கொடுக்கும், பிழை என்றும் சொல்லாது.

மில்லியை நேரடியாக டைப் செய்தால் என்ன என்று கேட்கலாம். நான் வேலையில் கற்ற பாடம் ஒன்று இங்கே உதவும். நடந்ததை நடந்தபடி எழுதி வைக்க வேண்டும், கணக்கைக் கம்ப்யூட்டர் போடட்டும். "இரண்டு டம்ளர்" என்பதுதான் நடந்தது. டம்ளரை அளந்ததில் தவறு என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தால், முதல் ஷீட்டில் ஒரு எண்ணைத் திருத்தினால் போதும், மாதம் முழுவதும் தானே சரியாகிவிடும். மில்லியை மட்டும் எழுதி வைத்திருந்தால் எது டம்ளர், எது சொம்பு என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. நானே அதில் விழுந்தேன். தீபாவளிக்குப் புது டம்ளர் வாங்கினோம். நான் பழைய டம்ளருக்கு நேரே இருந்த எண்ணை அழித்துப் புது அளவைப் போட்டேன். அவ்வளவுதான், கடந்த மூன்று மாதக் கணக்கும் புது டம்ளரில் குடித்ததாக மாறிவிட்டது! புதுப் பாத்திரம் வந்தால் பட்டியலில் புது வரி சேர்க்க வேண்டும், டம்ளர் 2 என்று. பழைய வரியைத் தொடக் கூடாது. அளந்தது தவறு என்றால் திருத்துங்கள், பாத்திரமே மாறினால் புதிதாக எழுதுங்கள். பல கம்பெனிகளின் விலைப் பட்டியல்களில் இந்த ஒரு வித்தியாசம் புரியாமல் நடக்கும் கூத்தை நான் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை.

நேரம் சொல்லும் சேதி

நேரத்துக்கு ஏன் ஒரு நெடுவரிசை? மொத்தம் தெரிந்தால் போதாதா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவுக்காக ஒரு மாதம் எழுதினோம். அம்மா ஒரு துண்டுக் காகிதத்தில் நேரத்தையும் கோட்டையும் போட்டு வருவார், இரவில் நான் ஷீட்டில் ஏற்றுவேன். அளந்த பிறகு லிட்டர் பாட்டில் இரண்டு கொடுத்தனுப்பினோம். நாள் மொத்தம் 2,400, 2,500 என்று அழகாக வந்தது. எனக்குத் திருப்தி. பிறகு ஒரு நாள் நேரத்தை வைத்து வரைபடம் போட்டுப் பார்த்தேன். காலை எட்டரை மணிக்கு ஒரு டம்ளர். அதன்பின் மதியச் சாப்பாடு வரை ஒன்றுமே இல்லை. பிறகு மாலை வரை ஒன்றுமே இல்லை. வீடு வந்த பின் ஏழு மணியிலிருந்து பத்து மணிக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல்.

"ஏம்மா இப்படி?" என்று கேட்டேன்.

"எந்திரிச்சுப் போனா பீஸ் போயிருமில்ல கண்ணு. லைன்ல அடுத்தவ கைய கட்டிட்டு உக்காந்திருப்பா. தண்ணி குடிச்சா பாத்ரூமுக்குப் போகோணும். அது அந்தக் கடைசில இருக்குது."

பீஸ் ரேட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு டம்ளர் தண்ணீரின் விலை என்ன என்பது எந்த ஆப்பிலும் இல்லை. மணியடித்து நினைவூட்டினால் மட்டும் என்ன ஆகப் போகிறது? அம்மாவுக்கு மறதி இல்லை. அவர் தெரிந்தேதான் குடிக்காமல் இருந்தார். அந்த வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் காட்டினோம். மொத்தத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்க வேண்டியவர், அந்தப் பகல் நேர வெற்றிடத்தில் விரலை வைத்தார். கல் உருவாக இதுவே வழி செய்கிறது, நாள் முழுவதும் பரவலாகக் குடிக்க வேண்டும் என்றார். அம்மா அதே தாளை லைன் சூப்பர்வைசரிடம் கொண்டு போய்க் காட்டியிருக்கிறார். அவருக்கும் கல் தொந்தரவு இருந்ததாம். பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் டீ நேரத்தோடு சேர்த்து ஐந்து நிமிடம் கூடுதலாக விட்டிருக்கிறார். இப்போதைக்கு அந்த லைனில் மட்டும்.

அது சரி, எட்டு கிளாஸ் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்பார்கள். 1945-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் ஊட்டச்சத்து வாரியம் ஒரு கலோரி உணவுக்கு ஒரு மில்லி தண்ணீர் என்று சொன்னது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி நாம் சாப்பிடும் உணவிலேயே இருக்கிறது என்றும் அடுத்த வரியிலேயே சொன்னது. அந்த அடுத்த வரி எப்படியோ காணாமல் போய்விட்டது என்பது பலர் சொல்லும் விளக்கம். ஆளுக்கு எட்டு கிளாஸ் என்பதற்கு அறிவியல் ஆதாரம் தேடிப் பார்த்து, கிடைக்கவில்லை என்று ஹைன்ஸ் வால்டின் என்ற மருத்துவப் பேராசிரியர் 2002-இல் கட்டுரையே எழுதினார். எட்டு அவுன்ஸ் கிளாஸில் எட்டு என்றால் 1,893 மில்லி. மாமா வீட்டு டம்ளரில் எட்டு என்றால் 2,480. காபி டம்ளரில் எட்டு என்றால் 960. எட்டு என்பது ஓர் அளவே அல்ல. அமெரிக்க மருத்துவக் கழகம் 2004-இல் சொன்ன 3.7 லிட்டர், 2.7 லிட்டர் என்பவையும் உணவில் உள்ள நீரையும் சேர்த்துத்தான். அவையும் வியர்வை, வேலை, நோய் இவற்றுக்கு ஏற்ப மாறுபவை. உங்கள் இலக்கு என்ன என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும். ஆப் சொல்ல வேண்டாம்.

அதிகம் குடித்தால் தப்பில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2007 ஜனவரியில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் ஒரு வானொலி நிலையம், சிறுநீர் கழிக்காமல் அதிகத் தண்ணீர் குடிப்பவருக்கு வீ என்ற வீடியோ கேம் கருவியைப் பரிசாகத் தருவதாகப் போட்டி வைத்தது. கலந்து கொண்ட இளம் தாய் ஒருவர் வீட்டுக்குப் போய் இறந்தார். குறுகிய நேரத்தில் அளவு மீறிய தண்ணீர், ரத்தத்தில் சோடியம் உப்பைக் குறைத்துவிட்டது.

ப்ளூடூத் பாட்டில் ஒன்று வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தானே அளந்து போனுக்கு அனுப்புமாம். என் பதில், வேண்டாம். அந்தப் பாட்டிலில் குடிப்பதை மட்டும்தான் அது அளக்கும். மோரையும் இளநீரையும் அதில் ஊற்றிக் குடிக்கவா போகிறீர்கள்? அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு தராசு வாங்கினால் பலகாரத்துக்கும் ஆகும்.

மாமா வீட்டில் இப்போது ஆப் இல்லை. காலையில் அத்தை ஒரு லிட்டர் பாட்டிலில் அன்றைய தண்ணீரை நிரப்பி வைத்துவிடுகிறார். மீதி 500 மில்லி காபிக்கும் ரசத்துக்கும் மோருக்கும். பாட்டில் தீர்ந்தால் தண்ணீர் தீர்ந்தது. ஷீட்டில் வாரம் ஒரு முறை நான் ஏற்றுகிறேன், பக்கத்திலேயே காலையில் பார்க்கும் எடையையும் சேர்த்து. எடை இரண்டு நாளில் திடீரென்று ஏறினால் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

போன மாதம் அத்தை இன்னொரு வேலையும் செய்தார். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தரும் கடைக்கு வீட்டு டம்ளர்களையும் சொம்பையும் எடுத்துப் போய், பெயருக்குக் கீழே மில்லியையும் வெட்டச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர், "என்னங்க்கா இது, டோர் நம்பருங்களா?" என்று கேட்டாராம். மாமா பெயருக்குக் கீழே 310 என்று இருக்கிறது. சொம்பில் 780.